கீரிச் சிகரம்

பெற்றிசியா கருவாடு காயவைக்கும் மணல் மேடு ஒரு மலை என்பது அவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியளவில் தெரியவந்தது. அதற்கு முந்திய நாற்பத்தெட்டு வருடமும் அவள் அதை மேடு என்றே நினைத்திருந்தாள்.

மன்னார்த் தீவின் கீரிக் கடற்கரையில், மீன் வாடிக் கொட்டில்களுக்குப் பின்னால், நாலு உடை மரங்களும் கொஞ்சம் அடம்பன் கொடியுமாகக் கிடக்கிற மேடு அது. வெறுங்கையோடு ஏறினால் நாற்பது எட்டு வைக்கவேண்டும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினால் நாற்பத்தைந்து. பெற்றிசியாவும் இன்னும் ஆறு பெண்களும் அதன் உச்சியில் கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டித் தட்டி போட்டிருந்தார்கள். மாரியில் கரையெல்லாம் வெள்ளம் நிற்கும்போதும் மேட்டில் நிலம் காய்ந்திருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தடையில்லாமல் வரும். உப்பிலிருந்து எடுத்துப் போட்ட கட்டா மீன் மூன்றாம் நாள் தட்டினால் பலகை மாதிரிச் சத்தம் போடும். ஏழு வீடுகளில் உலை வைத்தது அந்த மேடுதான்.

அன்றைக்கு அவள் கூடையோடு போனபோது பாதைக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பலகை: 'உயர்மலை வனாந்தர ஒதுக்கம். ஏறுதல் தடை. பனிச்சரிவு குறித்து அவதானமாக இருக்கவும்.' பலகைக்குக் கீழே கம்பளித் தொப்பி போட்ட ஒருவன் வியர்த்து ஒழுகிக்கொண்டு நின்றான்.

"தம்பி, இந்தக் கயிறு என்னத்துக்கு?"

"மலைக்கு, அக்கா."

"எந்த மலை?"

அவன் அவளைப் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டி மேட்டைக் காட்டினான்.

அவனுடைய பெயர் அஸாம். முசலிப் பக்கம் சிலாவத்துறை ஆள், முப்பத்தொரு வயது. உயர்மலை வனாந்தர ஒதுக்கப் படவாக்க அதிகாரசபை என்ற, ஒரே மூச்சில் சொல்லி முடிக்க இயலாத நிறுவனத்தில் நில அளவையாளன். ஆள் நடமாட்டம் இல்லாத மலைக்காடுகளை அளந்து இடவிளக்கப் படம் வரைவதும், வரைந்த பிறகு அங்கே ஆள் நடமாடாமல் பார்த்துக்கொள்வதும் அதிகாரசபையின் வேலை. அந்த வருடம் அளப்பதற்கென்று கொழும்பில் ஒன்பது பேர் கொண்ட குழு தெரிவுசெய்த இடம் மன்னார்த் தீவு. ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஒன்பது பேரும் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

மூன்று லொறிகளில் கயிறு, கூடாரம், கம்பளி அங்கி, பனியில் ஏறுவதற்கான கோடரி எல்லாம் வந்து இறங்கின. அஸாம் தீவு தொடங்கும் பாலத்தடியிலிருந்து மறுமுனைத் தலைமன்னார் வரைக்கும் இரண்டு தரம் போய் வந்தான். 'மலை இல்லை' என்று அறிக்கை அனுப்பினான். 'மீண்டும் பார்க்கவும்' என்று பதில் வந்தது. மீண்டும் பார்த்து, 'மலை தென்படவில்லை' என்று எழுதினான். 'முகில் மூட்டமாக இருக்கலாம், விலகும்வரை காத்திருக்கவும்' என்று பதில் வந்தது. ஜூலை மாதத்து மன்னாரில் முகில் மூட்டம் என்ற ஒன்றை அவன் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை. என்றாலும் பதினொரு நாள் காத்திருந்தான். மூன்றாவது அறிக்கையில் 'தீவு முழுவதும் தட்டை' என்று எழுதினான். அரசாங்க மலையொன்றைத் தவறவிட்டதற்காக அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கடிதத்தைக் கையில் கொடுப்பதற்கென்று உதவிப் பணிப்பாளர் குலேந்திரராசாவே நேரில் வந்தார்.

குலேந்திரராசா ஒல்லியானவர். வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கீரியில் வாகனத்தை விட்டு இறங்கியதும் மேட்டைக் கண்டார்.

"இது என்ன?"

"மணல் மேடு சேர். ஆறு மீற்றர் எண்பது."

"எங்கையிருந்து அளந்தனீர்?"

"கடல் மட்டத்திலையிருந்து சேர்."

"கடல் மட்டம் ஒரு இடத்திலை நிக்குதோ?"

"இல்லை சேர். வத்தும், பெருகும்."

"நாளுக்கு ரெண்டு தரம் இடம் மாறுற ஒண்டை நம்பி ஒரு பொறுப்புள்ள நிறுவனம் அளக்கலாமோ? சட்டத்தை எடுத்துப் பாரும். மலையெண்டால் ரெண்டாயிரம் மீற்றருக்கு மேலை எண்டு இருக்கு. எங்கையிருந்து அளக்கிறது எண்டு இருக்கோ?"

இல்லை. அஸாம் நான்கு தரம் வாசித்துப் பார்த்தான். சட்டத்தில் அது இல்லை.

"ஆனபடியால் சமுத்திரத்தின்ரை அடியிலையிருந்து அளவும். அது அசையாது."

சமுத்திரத்தின் ஆழம் நாலாயிரம் மீற்றர் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. அத்தோடு ஆறு மீற்றர் எண்பதைக் கூட்டினார்கள். கீரிச் சிகரம் அப்படித்தான் நாட்டின் அதி உயர்ந்த மலை ஆனது.

இதையெல்லாம் அஸாம் பெற்றிசியாவுக்கு ஒளிக்காமல் சொன்னான். சொல்லும்போது அவனுடைய குரல், இன்னொருவருடைய குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது. சொல்லி முடித்ததும் அவளிடம் ஒரு கடிதத்தை நீட்டினான். ஒதுக்கத்தின் எல்லைக்குள் 'உயிரற்ற நீர்வாழ் உயிரினங்களைக் காட்சிப்படுத்துவது' குற்றம் என்றும், தட்டிகளை இருபத்தொரு நாளுக்குள் அகற்றவேண்டும் என்றும், அகற்றாவிட்டால் அதிகாரசபையே அகற்றும் என்றும் அதில் இருந்தது.

பின்னேரம் பெற்றிசியா கடிதத்தைப் புருஷனுக்கு வாசித்துக் காட்டினாள். வலன்ரைன் வள்ளத்து எஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தான்.

"பிதுருதலாகலை மலைதானே நாட்டிலை உயரம்? பள்ளிக்கூடத்திலை அப்பிடித்தானே சொல்லித் தந்தவை?"

"அது பழைய கணக்காம்."

"அப்ப நான் வள்ளம் ஓட்டுறதும் மலையிலையோ?"

"ஓம். நாலாயிரம் மீற்றரிலை."

வலன்ரைன் எண்ணெய்க் கையால் தலையைச் சொறிந்தான். "அதுதான் எனக்கு இடைக்கிடை தலை சுத்துறது."

"அது மலையாலை இல்லை" என்றாள் பெற்றிசியா.

அடுத்த நாள் அவளும் மாக்கிறட்டும் மன்னார் பட்டினத்துக்குப் போனார்கள். மாக்கிறட் ஏழு பேரில் ஒருத்தி, ஊரில் வாய்க்குப் பேர்போனவள். அதிகாரசபை பட்டினத்தில் ஒரு வீட்டை எடுத்துத் தற்காலிகக் கந்தோர் போட்டிருந்தது. ஆட்சேபணை சொல்வதானால் அதற்கென்று ஒரு படிவம் இருப்பதாக அங்கிருந்த எழுதுவினைஞர் சொன்னார். பதினாறு பக்கம். பெற்றிசியா கதிரையில் இருந்து ஒவ்வொன்றாக நிரப்பினாள்.

'வசிப்பிடத்தின் உயரம்' என்ற இடத்தில் நாலாயிரம் என்று எழுதினாள், அவர்களே சொன்னபடியால். 'அண்மையிலுள்ள நீர்வீழ்ச்சி' என்ற இடத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தாங்கி இரண்டு வருடமாக ஒழுகுவதை எழுதினாள். 'மலையில் காணப்படும் வனவிலங்குகள்' என்ற இடத்தில் கழுதை என்று எழுதினாள். எழுதுவினைஞர் அதை வாசித்துவிட்டு, கழுதை என்ற மிருகம் அட்டவணையில் இல்லை என்றார்.

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்றாள் மாக்கிறட். "மன்னார் முழுக்க அதுதானே திரியுது."

எழுதுவினைஞர் அட்டவணையை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார். கடைசியில் 'கொம்பற்ற மலை மான்' என்று திருத்தி எழுதிக்கொண்டார். பதினாறாம் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 'விண்ணப்பதாரி மேற்படி உயரத்தில் சுவாசிக்கக்கூடியவரா? வைத்தியச் சான்றிதழ் இணைக்கவும்.'

பட்டினத்தில் தனியாக மருந்துச் சாலை வைத்திருந்த டொக்டர் நஸ்லியாவிடம் போனார்கள். அவர் கேள்வியை இரண்டு தரம் வாசித்தார். பெற்றிசியாவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு தாளில், 'இவர் சுவாசிக்கிறார்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

"நாலாயிரம் மீற்றரிலை எண்டு போடுங்கோ டொக்டர்."

"நான் மன்னாரிலை எண்டு போடுறன். மிச்சக் கணக்கை அவை பாக்கட்டும்."

பத்தாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். குலேந்திரராசா மேசைக்குப் பின்னால் இருந்தார். சுவரில் மன்னார்த் தீவின் புதிய இடவிளக்கப் படம் தொங்கியது. தீவு முழுவதும் மண்ணிறத்தில் இருந்தது. சமவுயரக் கோடுகள் கீரியைச் சுற்றி, நூல்கட்டை சிக்குப்பட்ட மாதிரி நெருங்கி நெருங்கி ஓடின. பெற்றிசியா தன் வீட்டைத் தேடினாள். வீடு இருக்கவேண்டிய இடத்தில் 'பாதாளம்' என்று போட்டிருந்தது.

குலேந்திரராசா சான்றிதழைக் கையில் எடுத்தார்.

"அம்மா, நீங்கள் மூச்சு விடுறதாய் இதிலை இருக்கு."

"ஓம் ஐயா."

"அங்கைதான் பிரச்சினை. ஆள் மூச்சு விடக்கூடிய இடமெண்டால் அது ஆள் இருக்கக்கூடிய இடம். ஆள் இருக்கக்கூடிய இடமெண்டால் அது வனாந்தரம் இல்லை. வனாந்தரம் இல்லாத ஒண்டை அதிகாரசபை வனாந்தரம் எண்டு சொல்லாது. சொல்லியிருக்கு. ஆனபடியால் இந்தச் சான்றிதழ் பிழை."

"அப்ப நான் மூச்சு விடேல்லை எண்டோ சொல்லுறியள்?"

"நீங்கள் விடலாம். அதை நாங்கள் ஏற்கேலாது."

மாக்கிறட் வாயைத் திறந்தாள். பெற்றிசியா அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஐயா, வந்து ஒருக்கா ஏறிப் பாருங்கோ. நாற்பது எட்டுத்தான்."

"நான் ஏறத் தேவையில்லை. படம் இருக்கு." அவர் சுவரைக் காட்டினார். கோபம் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பது போல அவர் பேசினார். "உங்களுக்குப் படத்தின்ரை அருமை விளங்கேல்லை அம்மா. படம் இல்லாத காலத்திலை சனங்கள் தாங்கள் இருக்கிற இடத்திலை சும்மா இருந்துகொண்டே இருந்ததுகள். எங்கை இருக்கிறம், எவ்வளவு உயரத்திலை இருக்கிறம், இருக்கலாமோ எண்டு ஒண்டும் தெரியாமல் பரம்பரை பரம்பரையாய் இருந்ததுகள். நாங்கள் வந்துதான் அதை நிப்பாட்டினனாங்கள். என்ரை இருபத்தாறு வருச சேவையிலை நான் பத்தொன்பது மலை வரைஞ்சிருக்கிறன். ஒண்டிலையும் கால் வைச்சதில்லை. கால் வைச்சால் அபிப்பிராயம் வந்திடும். அபிப்பிராயம் வந்தால் படம் கெட்டுப்போகும்."

ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டது. தட்டிகளை வேறு எங்கே போடுவது என்று பெற்றிசியா கேட்டாள். அடிவாரத்தில் போடலாம் என்றார். அடிவாரத்தில் மாரிக்குத் தண்ணீர் நிற்கும் என்றாள். படத்தில் தண்ணீர் இல்லை என்றார்.

அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. அதுவரை இது ஒரு பகிடி, எப்படியும் யாராவது ஒரு பெரிய ஆள் வந்து சிரித்துவிட்டுக் கயிற்றை அவிழ்ப்பார் என்று நினைத்திருந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, அதிகாரசபையில் சிரிக்கக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை என்று அவளுக்கு விளங்கியது. வாடிக்குள் மூன்று தொட்டி மீன் உப்பில் கிடந்தது. மகள் றொஷேலின் தாதிப் பயிற்சி, வீட்டுக் கூரை, வலன்ரைனின் பல்லு, எல்லாம் அந்தத் தொட்டிக்குள்தான் கிடந்தன.

"கயிறுதானே கட்டியிருக்கினம்" என்றாள் மாக்கிறட். "சுவரோ கட்டியிருக்கினம்?"

அஸாம் காவல் நிற்கிற நேரத்தில் அவர்கள் கயிற்றுக்குக் கீழே குனிந்து போனார்கள். அவன் அந்த நேரங்களில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் இருபத்தோராம் நாள் லொறி வரும், தட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் என்பது அவனுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

இருபத்தோராம் நாள் லொறி மட்டும் வரவில்லை. அதிகாரசபைத் தலைவரும் வந்தார். நாட்டின் அதி உயர்ந்த சிகரத்தில் கொடி நாட்டிப் படத்தை வெளியிட்டுவிட்டு, அதன் பிறகு தட்டிகளை அகற்றுவது என்று நிகழ்ச்சிநிரல் போட்டிருந்தார்கள். தலைவர் பருத்த உடம்பு, நல்ல சுபாவம். அதற்கு முன் கயிற்று உற்பத்திச் சபை ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர். ஆகவே மலையேற்றத்தில் கயிற்றின் பங்கைப் பற்றி அவருக்குத் திடமான கருத்துகள் இருந்தன. தானும் குலேந்திரராசாவும் அஸாமும் உட்பட ஏறப்போகிற பதினொரு பேரையும் ஒரே கயிற்றில் இடுப்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார்.

அதிகாரசபையின் விதிப்படி, ஐந்நூறு மீற்றருக்கு ஒரு இரவு தங்கி உடம்பைப் பழக்கவேண்டும். நேரம் போதாததால் இரவு ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று சுருக்கினார்கள். அடிவாரத்தில் கூடாரம் அடித்து, கதிரை போட்டு, கம்பளி அங்கிகளை மாட்டிக்கொண்டு எண்பது நிமிடம் இருந்தார்கள். கச்சான் காற்று கூடாரத்துக்குள் புகுந்து மணலை அள்ளி அவர்களுடைய தேத்தண்ணிக்குள் போட்டது. வெயில் முப்பத்தாறு பாகை. ஒருவருக்கு மயக்கம் வந்தது. உயரத்தால் வருகிற மயக்கம் என்று குறித்துக்கொண்டார்கள்.

பெற்றிசியா வாடிக்குள் நின்று பார்த்தாள். காலையில் உப்பிலிருந்து எடுத்துக் கழுவிய கட்டா மீன் ஐந்து கூடைகளில் இருந்தது. அன்றைக்கு வெயிலில் போடாவிட்டால் பின்னேரம் மணக்கத் தொடங்கும்.

"நோட்டீஸ் இண்டைக்கு முடியுது" என்றாள் மாக்கிறட்.

"மீனுக்கு நோட்டீஸ் வாசிக்கத் தெரியாது" என்றாள் பெற்றிசியா. கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

அவள் மேட்டடிக்கு வந்தபோது பதினொரு பேரும் ஏறத் தொடங்கியிருந்தார்கள். சப்பாத்துக் கால் மணலில் புதைந்தது. ஒருவர் எடுத்து வைக்கிற அடியை இன்னொருவர் சறுக்கிப் பின்னால் இழுத்தார். பெற்றிசியா அவர்களைச் சுற்றிக்கொண்டு மேலே போனாள். மீனைத் தட்டியில் பரப்பினாள். கீழே வந்தாள். அடுத்த கூடையோடு மேலே போனபோது அவர்கள் பத்தாவது எட்டில் நின்று ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் கூடையோடு போனபோது தலைவர் ஓய்வு முகாமில் ஒரு சிறிய உரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். அவளுக்குப் பயம் இருந்தது. ஆனால் பாரம் தலையில் இருக்கும்போது நின்று யோசிக்க முடியாது.

நாலாம் கூடையோடு அவள் உச்சிக்கு வந்த நேரம் தலைவரும் தவழ்ந்து உச்சிக்கு வந்து சேர்ந்தார். இரண்டு கையையும் மணலில் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். கீழே கீரிக் கடலில் அலை உடைந்து நுரை தள்ளியது. கண்ணாடியில் மணல் படிந்திருந்ததால் அவருக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

"பாருங்கோ," என்றார் கண் கலங்கி. "முகில் எல்லாம் எங்கடை காலுக்குக் கீழை."

கயிற்றில் இருந்தவர்கள், கை எட்டியவர்கள் மட்டும், கைதட்டினார்கள். அப்போதுதான் அவர் பெற்றிசியாவைக் கண்டார். வெறுங்கால். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். தலையில் கூடை.

"அம்மா, நீங்கள் கயிறு இல்லாமலோ ஏறினீங்கள்?"

"ஓம் சேர்."

"இந்த மலையிலை எத்தினை தரம் ஏறியிருக்கிறியள்?"

"இண்டைக்கோ சேர்? இது நாலாந்தரம்."

தட்டியில் மீனில் இருந்து நீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. தலைவர் மெல்லத் திரும்பிக் கயிற்றின் நடுவில் கட்டப்பட்டிருந்த குலேந்திரராசாவைப் பார்த்தார்.

"ஆர் இவ?"

குலேந்திரராசா தன் இருபத்தாறு வருட சேவையில் முதல் தடவையாக ஒரு மலையில் கால் வைத்திருந்தார். அதனால்தானோ என்னவோ, அவருடைய முகம் அபிப்பிராயம் வந்த ஒருவருடைய முகம் போல இருந்தது. அத்துமீறி நுழைந்தவள் என்று சொன்னால், அத்துமீறி நுழைந்த ஒரு கருவாட்டுக்காரி நாட்டின் அதி உயர்ந்த சிகரத்தில் ஒரு காலைப் பொழுதில் நாலு தரம் ஏறியிருக்கிறாள் என்பதையும் சொல்லவேண்டி வரும். அவர் எச்சிலை விழுங்கினார்.

"இவ... எங்கடை சிகர வழிகாட்டி, சேர்."

பெற்றிசியா அவரைப் பார்த்தாள். அவருடைய கண் கெஞ்சியது. அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒராள்தானோ?" என்று கேட்டார் தலைவர்.

"ஏழு பேர் சேர்" என்றாள் பெற்றிசியா, குலேந்திரராசா வாயைத் திறக்க முதல்.

"இந்தக் கூடையிலை என்ன?"

பெற்றிசியா கூடையை இறக்கி மணலில் வைத்தாள். கயிற்றின் கடைசியில் இருந்து அஸாமின் குரல் வந்தது.

"காற்றளவைக் கருவி சேர். தட்டியிலை பரப்பி, எவ்வளவு நேரத்திலை காயுதெண்டு பார்த்துக் காத்தின்ரை வேகத்தைக் கணிக்கிறது. உள்ளூர் முறை."

வேலையில் சேர்ந்ததன் பிறகு அஸாம் சொன்ன முதலாவது பொய் அது. அதற்குத்தான் அவனுக்கு முதலாவது பாராட்டுக் கடிதம் கிடைத்தது.

தலைவர் மகிழ்ந்துபோனார். இப்படிப்பட்ட உள்ளூர் அறிவைப் பேணாமல் ஒரு மலையைப் பேணி என்ன பயன் என்று உச்சியில் நின்று கேட்டார். ஏழு பேருக்கும் வழிகாட்டி நியமனம் கொடுக்கவேண்டும், காற்றளவைத் தட்டிகளில் ஒன்றைத்தானும் அசைக்கக்கூடாது என்று அந்த இடத்திலேயே உத்தரவு போட்டார். லொறி வெறுமையாகத் திரும்பியது. இறங்கும்போது தலைவர் சறுக்கினார். கயிற்றில் கட்டியிருந்தபடியால் பதினொரு பேரும் ஒற்றுமையாக இறங்கினார்கள், எட்டு விநாடியில்.

பெற்றிசியாவின் ஆட்கள் அன்று பின்னேரம் வாடிக்குள் இருந்து நெடுநேரம் சிரித்தார்கள். மாக்கிறட் குலேந்திரராசாவைப் போல எச்சிலை விழுங்கிக் காட்டினாள்.

ஆனால் நியமனம் என்றால் நிபந்தனையும் வரும். சிகரத்தில் நிற்கும்போது கம்பளி அங்கி போட்டிருக்கவேண்டும் என்று இருந்தது. அதை அவர்கள் மீன் மூடப் பாவித்தார்கள். மாதக் கடைசியில் சிகரத்தின் பனி பற்றி ஒரு அறிக்கை அனுப்பவேண்டும் என்றும் இருந்தது. முதல் மாதம் பெற்றிசியா 'பனி இல்லை' என்று உண்மையை எழுதினாள். ஒரு கிழமையில் குலேந்திரராசாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"அம்மா, யோசிச்சு எழுதுங்கோ. பனி இல்லையெண்டால் அது மலையோ எண்டு கொழும்பிலை கேப்பினம். மலை இல்லையெண்டால் வழிகாட்டி என்னத்துக்கு? வழிகாட்டி இல்லையெண்டால் தட்டி என்னத்துக்கு?" அவருடைய குரலில் இப்போது அதிகாரத்தை விடக் கவலைதான் கூட இருந்தது. "எனக்கும் ஓய்வூதியத்துக்கு மூண்டு வருசம் இருக்கு."

பனி எப்படி இருக்கும் என்று பெற்றிசியாவுக்குத் தெரியாது. மார்கழியில் விடியப்புறம் வள்ளத்து விளிம்பில் கொஞ்சம் ஈரம் இருக்கும், அவ்வளவுதான். இரண்டாம் மாத அறிக்கைத் தாளை வைத்துக்கொண்டு அவள் இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் அஸாமிடமிருந்து அழைப்பு வந்தது. பாராட்டுக் கடிதத்தோடு அவனுக்கு இடமாற்றமும் கொடுத்திருந்தார்கள்.

"எங்கை தம்பி இருக்கிறியள்?"

"கடலுக்கு அடியிலை, அக்கா."

"என்ன?"

"நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஆயிரத்து எண்ணூறு மீற்றர். கீரியிலை கடல் நாலாயிரம் மீற்றரிலை எண்டு படம் அடிச்சாச்சுத்தானே. அந்தக் கணக்குப்படி இது கடலுக்குள்ளை ரெண்டாயிரத்து இருநூறு மீற்றர் ஆழத்திலை. மூண்டு லொறியிலை மிதவை அங்கி வந்து இறங்கியிருக்கு." அவன் ஒரு பெருமூச்சு விட்டான். "கடற்படுகையிலை ஆக்கள் இருக்கக்கூடாதாம். இஞ்சை தோட்டத்து ஆக்களின்ரை லயத்திலை நாப்பத்து மூண்டு குடும்பம். எழுப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு. கடற்றொழில் செய்யிற ஆக்கள் மட்டும் இருக்கலாமாம். வள்ளம் பதிஞ்சிருக்கோணும். படிவம் நிரப்பத் தெரிஞ்ச ஆள் ஒருதரும் இல்லை. உங்களோடை கதைக்கச் சொன்னனான். குடுக்கிறன்."

தொலைபேசி கை மாறியது. தயங்கித் தயங்கி ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம் அக்கா. நான் தனுசியா பேசுறேன். கொழுந்து எடுக்கிறேங்க. கடலுன்னா நாங்க டீவியில பாத்ததுதான்."

"பறவாயில்லை பிள்ளை. பேப்பரை எடுங்கோ."

பெற்றிசியா வலன்ரைனைக் கூப்பிட்டு அவனுடைய வள்ளத்துப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொரு கேள்விக்கும் என்ன எழுதவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். நீளம் பதினெட்டரை அடி. எஞ்சின் ஒன்பது தசம் ஒன்பது குதிரைவலு. வலை நைலோன் வலை. பிடிக்கிற மீன் என்ற இடத்தில் கட்டா, பாரை என்று எழுதச் சொன்னாள்.

"கருவாடும் போடலாங்களா? இங்க கடையில அதுதாங்க வரும்."

"கருவாடு எண்டு போடாதையுங்கோ பிள்ளை. அது கடலிலை பிடிக்கிறதில்லை."

நடுவில் அவளுக்குத் தன் தாளின் நினைவு வந்தது.

"உங்கை பனி இருக்கோ?"

"பனியா? கையை நீட்டுனா வெரல் தெரியாதுங்க. காலைல எட்டு மணிக்கும் தொங்கிக்கிட்டே இருக்கும். தை மாசத்துல கொழுந்தெல்லாம் கருகிப்போவும். வேணும்னா தேதி போட்டே சொல்றேங்க."

பெற்றிசியா பேனாவை எடுத்தாள். தனுசியா சொல்லச் சொல்லக் கீரிச் சிகரத்தில் பனி இறங்கியது. முதலாம் தேதி மெல்லியதாக, நாலாம் தேதி அடர்த்தியாக, ஒன்பதாம் தேதி பாதை தெரியாத அளவுக்கு. பதிலுக்கு அவள் அந்த மாதத்து நீரோட்டத்தையும், கடல் வற்றுகிற பெருகுகிற நேரத்தையும் சொன்னாள். தோட்டத்தில் அதற்கும் ஒரு அறிக்கை கேட்டிருந்தார்கள். மாதக் கடைசியில் இனி இப்படியே மாறி மாறிச் சொல்லிக்கொள்வது என்று ஒழுங்கு செய்தார்கள்.

"இனி ஒண்டுதான் மிச்சம்" என்றாள் பெற்றிசியா. "வள்ளத்துக்கு ஒரு பேர் வேணும்."

"என்ன பேருங்க வைப்பாங்க?"

"இஞ்சை புனிதர்மாரின்ரை பேர்தான் கூட. நீங்கள் உங்களுக்கு விருப்பமானதை வைக்கலாம். ஆனால் நெடுக நினைச்சுக்கொண்டு இருக்கிற ஒண்டாய் இருந்தால் நல்லது."

அந்தப் பக்கத்தில் பல பெண்களின் குரல்கள் கேட்டன. தனுசியா எல்லோரிடமும் கேட்கிறாள் போலிருந்தது. யாரோ எதையோ சொல்ல, லயமே சிரித்தது.

"அக்கா, 'அடுத்த பஸ்'ன்னு வைக்கலாங்களா? தோட்டத்துக்கு பஸ் வரும்னு சொன்னதுலேர்ந்து நாங்க பதினேழு வருஷமா அதத்தாங்க நெனச்சுக்கிட்டு இருக்கோம்."

"தாராளமாய் வையுங்கோ" என்றாள் பெற்றிசியா.

மற்ற வீடுகளும் அதைப் பார்த்து எழுத, அந்த வாரம் ஆயிரத்து எண்ணூறு மீற்றர் உயரத்தில் நாற்பத்து மூன்று வள்ளங்கள் பதிவாகின. லயத்தில் இருந்து ஒரு குடும்பத்தையும் எழுப்ப முடியவில்லை. அந்தப் படகுகளில் ஒன்றுகூட இன்றுவரை கடலில் கவிழ்ந்ததில்லை என்பதை அதிகாரசபையின் வருடாந்த அறிக்கை, தன்னுடைய தலைசிறந்த சாதனைகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.